சொகுசுக் கப்பலில் கைச்செலவு: ரொக்கம் எவ்வளவு, எந்தக் கார்டு, ஏடிஎம் எப்போது?

கேள்வி இதுதான்: சென்னையிலிருந்து ஒரு குடும்பம், பெரியவர்கள் இருவர், பள்ளிப் பிள்ளைகள் இருவர். சிங்கப்பூரில் ராயல் கரீபியன் கப்பலில் ஏறுகிறார்கள். 4 இரவுகளில் பினாங்கும் ஃபூக்கெட்டும் பார்த்துவிட்டு சிங்கப்பூரிலேயே இறங்குகிறார்கள். எவ்வளவு ரொக்கம் எடுத்துப் போக வேண்டும்? முன்கூட்டியே வெளிநாட்டுப் பணம் ஏற்றி எடுத்துப் போகும் ஃபாரெக்ஸ் கார்டு ஒன்றே போதுமா? பணம் தீர்ந்தால் கப்பலில் ஏடிஎம் உண்டா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம். உண்டு. ஆனால் அதைத் தேடிப் போகும்படி ஆகிவிட்டால், கிளம்பும் முன்பே கணக்கில் எங்கோ ஓட்டை விழுந்துவிட்டது என்று பொருள். கப்பல் ஏடிஎம் பெரும்பாலும் அமெரிக்க டாலர்தான் தரும். ஒரு முறை எடுக்க 5, 6 டாலர் அளவில் அதன் கட்டணம். அதற்கு மேல் ஃபாரெக்ஸ் கார்டு என்றால் உங்கள் வங்கிக்கு 2 டாலர் அளவில் போகும். கிரெடிட் கார்டைச் செருகி எடுத்தாலோ, 2.5 சதவீத அளவில் ரொக்க முன்பணக் கட்டணமும் எடுத்த நாளிலிருந்தே வட்டியும் ஓட ஆரம்பிக்கும். அப்படி எடுத்த டாலரைக் கப்பலின் கடைகளிலோ பார்களிலோ செலவழிக்கவும் வழியில்லை, ஏனென்றால் அங்கே ரொக்கம் வாங்குவதே இல்லை.

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கப்பலுக்குள் உங்கள் அறைச் சாவியாகத் தரும் அட்டைதான் பணம். ராயல் கரீபியனில் அதன் பெயர் சீபாஸ். மற்ற நிறுவனங்களில் பெயர் வேறு, வேலை ஒன்றே. ஜூஸ் வாங்கினாலும், ஸ்பா போனாலும், பையன் வீடியோ கேம் ஆடினாலும் அந்த அட்டையைத் தட்டுவார்கள், தொகை அறையின் கணக்கில் ஏறும். அந்தக் கணக்குக்குப் பின்னால் நீங்கள் ஒரு கார்டைப் பதிந்திருப்பீர்கள், அல்லது ரொக்க டெபாசிட் கட்டியிருப்பீர்கள். கடைசி இரவில் கணக்கை மூடி, பதிந்த கார்டிலிருந்து மொத்தத்தையும் எடுத்துக்கொள்வார்கள். ரொக்கம் தேவைப்படுவது பெரும்பாலும் கரையில்தான். ஆகவே கப்பலுக்கு எந்தக் கார்டு, கரைக்கு எந்த ரொக்கம் என்ற இரண்டையும் தனித்தனியாக முடிவு செய்யுங்கள்.

முதலில் கப்பல் கணக்கு.

அதில் பதிய வேண்டியது கிரெடிட் கார்டு. டெபிட் கார்டும் வேண்டாம், ஃபாரெக்ஸ் கார்டும் வேண்டாம். அந்தக் கார்டுகளைக் கப்பல் மறுத்துவிடும் என்பதல்ல காரணம். பல நேரம் ஏற்றுக்கொள்ளும், சிக்கலே அங்கேதான். பதிந்தவுடன் கப்பல் உங்கள் கார்டில் ஒரு தொகையைப் பிடித்துவைக்கும். பிறகு நீங்கள் செலவழிக்கச் செலவழிக்க, அன்றன்றைய தொகைக்குப் புதிதாக ஒரு பிடிப்பு விழும். இவை எதுவும் உண்மையான பற்று அல்ல, 'இந்தத் தொகை இருக்கட்டும், தொடாதே' என்று வங்கிக்குச் சொல்வது மட்டுமே. கடைசி நாள் இறுதித் தொகையை முழுதாக ஒரே பற்றாக எடுக்கும்போது, பழைய பிடிப்புகள் உடனே விடுபடுவதில்லை. சில வங்கிகளில் ஒரு வாரம், சிலவற்றில் அதற்கும் மேல். வெளிநாட்டுப் பரிவர்த்தனையில் 30 நாள் வரைகூட நீளலாம். கிரெடிட் கார்டில் இது உங்கள் வரம்பை மட்டும் தின்னும். டெபிட் கார்டிலும் ஃபாரெக்ஸ் கார்டிலும் உங்கள் சொந்தப் பணமே மாட்டிக்கொள்ளும். ஃபாரெக்ஸ் கார்டு தரும் வங்கிகளே ஹோட்டல் முன்பதிவு, வாடகைக் கார் போன்ற பிடிப்பு விழும் இடங்களில் அதைக் கொடுக்காதீர்கள் என்று எழுதி வைத்திருக்கின்றன. கப்பலும் அந்த வகைதான். கார்டில் 600 டாலர் ஏற்றிப் போனவர், கப்பல் கணக்கில் 300 டாலர்தான் செலவழித்தார் என்று வையுங்கள். 300 பிடிப்பில் இருக்கிறது, இன்னொரு 300 இறுதிப் பற்றாகப் போகிறது. ஊர் திரும்பும் வழியில் சாங்கி விமான நிலையத்தில் காபி வாங்க நீட்டினால் 'இருப்பு இல்லை' என்று வரும். பணம் எங்கும் தொலையவில்லை. ஆனால் உங்கள் கையில் இல்லை.

கிரெடிட் கார்டிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. கப்பல் செலவு 80,000 ரூபாய் ஆகும் என்று கணக்கிட்டால், 1 லட்சம் வரம்புள்ள கார்டு போதாது. பிடிப்பும் இறுதிப் பற்றும் ஒரே நேரத்தில் நிற்கும் சில நாட்களில் 1.6 லட்சம் அடைபடலாம். எதிர்பார்க்கும் செலவைப் போல இரு மடங்கு வரம்பு காலியாக இருக்கிற கார்டைப் பதியுங்கள். கிளம்பும் முன் பழைய பில்லைக் கட்டி வரம்பை விடுவித்துக்கொண்டாலும் சரி.

கார்டு வெளிநாட்டில் வேலை செய்யுமா என்பதை வீட்டிலேயே பார்த்துவிட வேண்டும். 2020 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி புதிதாகத் தரும் கார்டுகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டை நீங்கள்தான் வங்கியின் ஆப்பில் திறக்க வேண்டும். அங்கே கடை இயந்திரம், ஏடிஎம், ஆன்லைன், தட்டிச் செலுத்துதல் என நான்கு தனித்தனி விசைகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் தனி வரம்பும் இருக்கும். 'வெளிநாடு' என்ற ஒரே பொத்தானைத் தட்டிவிட்டு, நாள் வரம்பு 10,000 ரூபாயில் நிற்பதைக் கவனிக்காமல் கப்பல் ஏறுகிறவர்கள் நிறைய. முதல் பிடிப்பே அங்கே முட்டிக்கொள்ளும்.

கடலில் இதைச் சரிசெய்வது ஏன் கடினம் என்பதையும் சொல்ல வேண்டும். கரையை விட்டு விலகியதும் உங்கள் செல்பேசி கப்பலின் கடல்வழி நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும். சிங்கப்பூருக்கு என்று வாங்கிய ரோமிங் பேக்கேஜ் அங்கே பொதுவாகச் செல்லாது. நிமிடக் கட்டணம் எகிறும். ஏரோபிளேன் மோடில் வைப்பதுதான் புத்திசாலித்தனம். ஆனால் அப்போது வங்கியின் ஓடிபி வராது. கப்பலின் வைஃபை வாங்கியிருந்தால் வங்கி ஆப் திறக்கும், எஸ்எம்எஸ் வருவது நிச்சயமில்லை. எனவே கார்டைக் கப்பல் நிறுவனத்தின் ஆப்பில் பதிவது, வரம்பை உயர்த்துவது, பின் எண்ணை மாற்றுவது எல்லாம் வீட்டில் உட்கார்ந்து முடிக்க வேண்டிய வேலைகள். வங்கியின் வெளிநாட்டு உதவி எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கள். கார்டு தொலைந்தால் கார்டின் பின்புறத்தில் இருக்கும் எண்ணும் சேர்ந்துதான் தொலையும்.

ஒரு கார்டை மட்டும் நம்பாதீர்கள். இரண்டு வேறு வங்கிகள், இயன்றால் ஒன்று விசா, ஒன்று மாஸ்டர்கார்டு. கப்பலில் இருக்கும்போது ஒன்று கையில், மற்றது அறையின் பெட்டகத்தில். ரூபே கார்டு மட்டும் வைத்துக்கொண்டு போக வேண்டாம். யூபிஐயைக் கப்பலில் மறந்துவிடுங்கள்.

ரொக்க டெபாசிட் கட்டிப் போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. போகலாம். ஏறியதும் கெஸ்ட் சர்வீசஸ் மேசையில் டாலராகக் கட்டினால் கணக்கு திறக்கும். கட்டிய தொகை தீர்ந்ததும் அட்டை நின்றுவிடும், மறுபடி வரிசையில் நின்று கட்ட வேண்டும். மீதியைக் கடைசி இரவு அதே மேசையில் டாலராகத் திரும்ப வாங்கலாம். செலவைக் கட்டுக்குள் வைக்க இது நல்ல கடிவாளம். ஆனால் கப்பலில் மருத்துவரைப் பார்க்க நேர்ந்தால் என்ன செய்வது என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். கப்பல் மருத்துவமனையின் பில்லும் இதே கணக்கில்தான் ஏறும், வெறும் ஆலோசனைக்கே 100 டாலரைத் தாண்டலாம், பயணக் காப்பீடு அதைப் பிறகுதான் திருப்பித் தரும். அந்தப் பில், சீட்டு, மருத்துவர் குறிப்பு மூன்றையும் கையோடு வாங்கி வராவிட்டால் காப்பீட்டிலும் கிடைக்காது.

இனி, கணக்கில் என்னென்ன ஏறும்.

முதலாவதும் பெரியதும் டிப்ஸ். ராயல் கரீபியனில் சாதாரண அறைக்கு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 18.50 டாலர் அளவில், பிள்ளைகளுக்கும் சேர்த்து. நான்கு பேர், 4 இரவு என்றால் 296 டாலர். பலருக்கு இது கடைசி நாள்தான் தெரியவருகிறது, 'நாங்கள் எதுவுமே வாங்கவில்லையே' என்று மேசையில் வாக்குவாதம். சென்னையில் ஏஜென்ட் தரும் விலையில் துறைமுகக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா, டிப்ஸ் சேர்ந்திருக்கிறதா என்று தனித்தனியாகக் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். 'எல்லாம் சேர்த்துதான் சார்' என்ற வாய்வார்த்தையில் டிப்ஸ் இருப்பது அபூர்வம். முன்கூட்டியே கட்டிவிட முடியும் என்றால் கட்டிவிடுங்கள், கப்பல் கணக்கு பாதியாகக் குறையும்.

அடுத்தது பானங்கள். பஃபேயில் தண்ணீர், டீ, சாதாரண காபி, லெமனேட் இலவசம். பாட்டில் தண்ணீர், கோலா, பழரசம், ஸ்பெஷல் காபி எல்லாம் காசு. மெனுவில் போட்டிருக்கும் விலைக்கு மேல் 18 சதவீதம் சேவைக் கட்டணம் தானாகச் சேரும். ரசீதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்: பானம் 12.00, அதன் கீழே சேவைக் கட்டணம் 2.16, மொத்தம் 14.16. அதற்கும் கீழே ஒரு வெற்றுக் கோடு, பக்கத்தில் 'கூடுதல் டிப்ஸ்' என்று இருக்கும். அதன் கீழே இன்னொரு வெற்றுக் கோடு, 'மொத்தம்' என்று. கையெழுத்துப் போடும் அவசரத்தில் அந்தக் கோட்டை நிரப்பியே ஆக வேண்டும் என்று நினைத்து 2 டாலர் எழுதுகிறார்கள். டிப்ஸ் ஏற்கெனவே மேலே போய்விட்டது. கோட்டைக் குறுக்கே அடித்துவிட்டு, மொத்தத்தில் 14.16 என்றே எழுதிக் கையெழுத்திடுங்கள். சேவை மனதுக்குப் பிடித்திருந்தால் ரொக்கமாகக் கையில் கொடுப்பதே மேல். அறையைச் சுத்தம் செய்பவருக்குப் பயணத்தின் முடிவில் 5, 10 டாலர் தருவது பலரின் வழக்கம், கட்டாயமல்ல.

பான பேக்கேஜ் பற்றி ஒரு வரி: மதுவும் சேர்ந்த பேக்கேஜை அறையில் ஒரு பெரியவர் வாங்கினால், அதே அறையிலுள்ள மற்றப் பெரியவரும் வாங்க வேண்டும் என்பது விதி. கணவர் மட்டும் குடிப்பார், மனைவி தொடமாட்டார் என்ற வீட்டில் பேக்கேஜ் இல்லாமல் பானங்களைத் தனித்தனியாக வாங்குவதே பெரும்பாலும் மலிவு. வைஃபை, பேக்கேஜ், கரைச் சுற்றுலா ஆகியவற்றைப் பயணத்துக்கு முன்பே இணையத்தில் வாங்கினால் விலை குறைவு. வாங்கிய பிறகு விலை இன்னும் இறங்கினால், ரத்து செய்துவிட்டுப் புதிய விலைக்கு மறுபடி வாங்கலாம்.

அறைக்குச் சாப்பாடு கொண்டுவரச் சொன்னால் 7.95 டாலரும் 18 சதவீதமும். பெரிய சாப்பாட்டுக் கூடத்தில் இந்தியச் சைவ உணவு கேட்டால் கிடைக்கும், அது டிக்கெட்டிலேயே அடக்கம். இரவு பத்து மணிக்குப் பிள்ளை பசிக்கிறது என்றால் அறைக்கு வரவழைக்காமல், திறந்திருக்கும் பீட்சா இடத்துக்கு நடந்து போய்விடுங்கள்.

பிள்ளைகளின் அட்டைதான் அமைதியாகக் கசியும் குழாய். வீடியோ கேம் கூடத்தில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அட்டையைத் தட்டினால் போதும். பையனுக்கு அது காசு என்றே தெரியாது. ஏறிய முதல் மணி நேரத்திலேயே கெஸ்ட் சர்வீசஸுக்குப் போய், பிள்ளைகள் அட்டையில் செலவு உரிமையை நிறுத்தச் சொல்லுங்கள், அல்லது நாளைக்கு 10 டாலர் என்று வரம்பு போடச் சொல்லுங்கள். தள்ளிப்போடாதீர்கள். கடைசி இரவு வரிசை மாடிப்படி வரை நிற்கும்.

இவை எல்லாம் சேர்த்து இந்தக் குடும்பத்துக்கு நியாயமான கணக்கு: டிப்ஸ் 296, ஒரு செல்பேசிக்கு வைஃபை 80 முதல் 100, பானங்களுக்கு 60, புகைப்படமும் வீடியோ கேமும் 100. ஏறக்குறைய 550 டாலர். கப்பலில் எடுத்து விற்கும் புகைப்படத்தைத் தவிர்த்தால் 500-க்குள் அடக்கலாம். ஒரு படத்துக்குக் கேட்கும் விலையைக் கேட்டால் பெரும்பாலோர் தாமாகவே தவிர்த்துவிடுவார்கள்.

கேசினோவைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஏடிஎம் கட்டணத்துக்குப் பயந்து, கேசினோ காசாளரிடம் சீபாஸ் மூலம் ரொக்கம் எடுத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொல்பவர்கள் இருப்பார்கள். அதற்கு 5 சதவீதம் பிடிப்பார்கள். 100 டாலருக்கு 5 டாலர். ஏடிஎம்மை விடப் பெரிய லாபமில்லை.

இனி மாற்று விலை. பணம் அதிகம் கரைவது இங்கேதான், ஆனால் யார் கண்ணிலும் படாது.

கணக்குக்காக 1 டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கப்பலில் 1,000 டாலர் செலவு என்றால் 90,000 ரூபாய். சாதாரண இந்தியக் கிரெடிட் கார்டில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதக் கூடுதல், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. அதாவது 3,150-உம் 567-உம் சேர்ந்து 3,717 ரூபாய். 2 சதவீதக் கார்டில் இதுவே 2,124. கூடுதலே இல்லாத கார்டுகளும் சந்தையில் இருக்கின்றன. பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பு அப்படி ஒன்று வாங்கிக்கொள்வது வீண் வேலையல்ல. ஃபாரெக்ஸ் கார்டில் இந்தக் கூடுதல் இல்லை, ஆனால் ஏற்றும்போதே வங்கி தன் லாபத்தை விலையில் வைத்துவிடும். அதைவிட முக்கியம்: அமெரிக்க டாலர் ஏற்றிய கார்டைச் சிங்கப்பூர் டாலரிலோ, தாய்லாந்தின் 'பாட்' நாணயத்திலோ செலவழித்தால் நாணயம் மாறுவதற்குத் தனியாக 3.5 சதவீத அளவில் வெட்டுவார்கள். பல நாணயக் கார்டில் சிங்கப்பூர் டாலரையும் பாட்டையும் தனியாக ஏற்றலாம். மலேசிய ரிங்கிட் எல்லாக் கார்டிலும் இருப்பதில்லை, வாங்கும் முன் பட்டியலைப் பாருங்கள்.

கப்பலில் எந்த நாணயம் என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். சிங்கப்பூரில் ஏறினாலும் ராயல் கரீபியன் கணக்கு அமெரிக்க டாலரில். அதே துறைமுகத்திலிருந்து கிளம்பும் வேறு நிறுவனக் கப்பல்களில் சிங்கப்பூர் டாலர் இருக்கலாம். பக்கத்து வீட்டார் போன வருடம் சொன்னதை வைத்து ஃபாரெக்ஸ் வாங்கினால் நாணயமே மாறிப்போகும்.

அடுத்தது ரூபாய் வலை. சிங்கப்பூர் கடையில் 100 டாலருக்குப் பொருள் வாங்கிக் கார்டைச் செருகுகிறீர்கள். இயந்திரத் திரையில் இரண்டு கட்டம் தெரியும்: ஒன்றில் 100.00 சிங்கப்பூர் டாலர், மற்றதில் 7,350.00 ரூபாய். ரூபாயைப் பார்த்ததும் மனசுக்கு நிம்மதி, கை அங்கே போகும். 1 சிங்கப்பூர் டாலர் 70 ரூபாய் என்றால் அது 7,000 ரூபாய்ப் பொருள். கடைக்காரரின் வங்கி 350 ரூபாய் எடுத்துக்கொண்டது. ஊருக்கு வந்தால், வெளிநாட்டுக் கடை என்பதற்காக உங்கள் வங்கியும் 1 சதவீத அளவில் தனிக் கட்டணம் போட்டிருக்கும். சேர்த்தால் 7,430-ஐத் தாண்டும். டாலரைத் தொட்டிருந்தால் 3.5 சதவீதக் கார்டிலும் 7,289-தான். எந்த நாட்டிலும் அந்த நாட்டு நாணயத்தையே தொடுங்கள். ஏடிஎம்மிலும் 'மாற்று விலையை ஏற்கிறீர்களா' என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். மறுத்தாலும் பணம் வரும்.

சில கப்பல் நிறுவனங்களில் இதே வலை கேட்காமலேயே விழும். வெளிநாட்டுக் கார்டு என்று தெரிந்தால் இறுதிக் கணக்கைக் கார்டின் நாணயத்துக்குத் தானாக மாற்றிவிடும் ஏற்பாடு அங்கே உண்டு. முதல் நாளே மேசையில் 'என் கணக்கைக் கப்பல் நாணயத்திலேயே முடியுங்கள், ரூபாயாக மாற்ற வேண்டாம்' என்று சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். கடைசி நாள் சொன்னால் காலம் கடந்துவிட்டது என்பார்கள்.

இப்போது கரைக்கான ரொக்கம்.

சட்டம் சுருக்கமாக: இந்தியாவிலிருந்து ஒரு பயணத்துக்கு ஒருவர் வெளிநாட்டு நோட்டாக 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை எடுத்துப் போகலாம். மேற்கொண்டு தேவை என்றால் கார்டில்தான். இந்திய ரூபாய் நோட்டு 25,000 வரை. நாணயமாற்றுக் கடையில் ரூபாய் ரொக்கமாகக் கொடுத்து வாங்க முடிவது 50,000 வரைதான், அதற்கு மேல் வங்கி வழியாகக் கட்ட வேண்டும். பான் கார்டு கேட்பார்கள். ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற கடையா என்று பார்த்து, பில் வாங்குங்கள். மீதியைத் திரும்ப விற்கும்போது அது உதவும். 2025 ஏப்ரலிலிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் வரை ஃபாரெக்ஸ் வாங்குவதற்கு டிசிஎஸ், அதாவது வாங்கும்போதே பிடிக்கும் வரி, இல்லை. வெறும் கைச்செலவு என்றால் அந்தக் கவலை வேண்டாம். டூர் பேக்கேஜுக்குத் தனிக் கணக்கு, அதை ஏஜென்டின் பில்லில் பாருங்கள்.

எந்த நாணயத்தை எங்கே வாங்குவது என்பதுதான் நயம். அமெரிக்க டாலரும் சிங்கப்பூர் டாலரும் சென்னையில் நல்ல விலைக்குக் கிடைக்கும். ரிங்கிட்டும் பாட்டும் அங்கே விலை மோசம். சிங்கப்பூரில் ஒரு நாள் தங்குவதாக இருந்தால், ராஃபிள்ஸ் பிளேஸ் ஆர்கேட் கட்டடத்திலோ, சிராங்கூன் சாலைப் பக்கம் முஸ்தஃபா சென்டரிலோ சிங்கப்பூர் டாலரைக் கொடுத்து ரிங்கிட்டும் பாட்டும் வாங்கிவிடலாம், இரண்டிலும் விலை நியாயமாக இருக்கும். கப்பலில் மாற்றலாம் என்று விட்டுவிடாதீர்கள். மேசையில் பெரிய நோட்டுக்கு டாலர்ச் சில்லறை கிடைக்கும், மற்ற நாணயம் கிடைத்தாலும் விலை உங்களுக்குச் சாதகமாக இருக்காது.

இந்தக் குடும்பத்துக்கு என் கணக்கு: சிங்கப்பூருக்கு 150 முதல் 200 சிங்கப்பூர் டாலர், பினாங்குக்கு 250 ரிங்கிட், ஃபூக்கெட்டுக்கு 3,500 பாட், இவற்றுக்கு மேல் அவசரத்துக்கு 300 அமெரிக்க டாலர். அந்த 300-இல் இரண்டு 100 டாலர் நோட்டு, மீதி 20, 5, 1 எனச் சில்லறை. 100 டாலர் நோட்டு புதிதாக, மடிப்போ பேனாக் கீறலோ இல்லாமல் இருக்கட்டும். தென்கிழக்காசிய மணி சேஞ்சர்கள் ஓரம் கிழிந்த நோட்டையும் முத்திரை விழுந்த நோட்டையும் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். தாய்லாந்தில் இன்னொன்று: 100 டாலர் நோட்டுக்கு ஒரு விலை, 20-க்கும் 1-க்கும் அதைவிடக் குறைந்த விலை என்று பலகையிலேயே போட்டிருப்பார்கள்.

சிங்கப்பூரில் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் ரொக்கம் வேண்டாம், விசா அல்லது மாஸ்டர்கார்டைத் தட்டிப் போகலாம். வெளிநாட்டுக் கார்டுக்கு நாளொன்றுக்கு 60 சிங்கப்பூர் சென்ட் கட்டணம் சேரும், ஆளுக்கொரு கார்டு வேண்டும். தேக்கா மையம் போன்ற உணவங்காடிகளில் ரொக்கம் இருந்தால் நிம்மதி.

பினாங்கில் கப்பல் நிற்பது ஜார்ஜ் டவுனின் ஸ்வெட்டன்ஹாம் துறை, ஊருக்குள்ளேயே. அங்கிருந்து லிட்டில் இந்தியா நடை தூரம். லெபு பாசார் பக்கம் மணி சேஞ்சர்களிடம் தமிழிலேயே விலை கேட்கலாம். ஆகவே பினாங்கில் ரிங்கிட் குறைந்தால் பதற வேண்டியதில்லை. இரண்டு கடையில் கேட்டுவிட்டு மாற்றுங்கள். ரேபிட் பினாங்கு பஸ்ஸில் சரியான சில்லறை போட வேண்டும், மீதி தரமாட்டார்கள், எனவே 1 ரிங்கிட் நோட்டு கொஞ்சம் வாங்கி வையுங்கள்.

ஃபூக்கெட் அப்படியல்ல. அங்கே கப்பல் கடலில் நங்கூரமிட, சிறு படகில் பாத்தோங் கரைக்கு வர வேண்டியிருக்கும். டுக்டுக், கடற்கரைக் குடை, தெருவோரச் சாப்பாடு எல்லாம் பாட் ரொக்கம். அங்குள்ள ஏடிஎம்களில் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒரு முறைக்கு 220 பாட் அல்லது அதற்கு மேல் கட்டணம். 1,000 பாட் எடுத்தாலும் 10,000 எடுத்தாலும் அதே 220. ஆகவே சிறிது சிறிதாக எடுப்பதுதான் நட்டம். சில இயந்திரங்கள் பணத்தை முதலில் தந்துவிட்டுக் கார்டைப் பிறகு தரும். நம் ஊர்ப் பழக்கத்தில் பணம் வந்ததும் நகர்ந்துவிட்டால் கார்டை இயந்திரம் விழுங்கிக்கொள்ளும், படகு நேரத்துக்குள் அதை மீட்பது நடக்காத காரியம். வங்கிக் கிளையோடு ஒட்டிய ஏடிஎம்மைப் பயன்படுத்துங்கள், கப்பல் கணக்கில் பதிந்த கார்டை அதில் செருகவே செருகாதீர்கள். மணி சேஞ்சர் பாஸ்போர்ட் கேட்பார். சில பயணங்களில் பாஸ்போர்ட்டைக் கப்பலே வாங்கி வைத்துக்கொள்ளும் என்பதால் நகல் ஒன்றும், செல்பேசியில் படமும் வைத்திருங்கள். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரை விட ஒரு மணி பின்தங்கியது. கடைசிப் படகு எந்த நேரக் கணக்கில் என்பதை இறங்கும்போதே கேளுங்கள். கப்பலைத் தவறவிட்டால் அடுத்த ஊருக்கு விமானச் செலவு உங்களுடையது. அந்த 300 டாலரும் இரண்டாவது கிரெடிட் கார்டும் அதற்காகவும்தான், இரண்டையும் கப்பலில் விட்டுவிட்டு இறங்காதீர்கள்.

கணக்கைத் தினமும் ஒரு முறை ஆப்பிலோ அறைத் தொலைக்காட்சியிலோ பாருங்கள். தவறு இருந்தால் அன்றே போனால் அந்த பாரின் சீட்டை எடுத்துக் கையெழுத்தைக் காட்டுவார்கள். ஏஜென்டோ நிறுவனமோ கப்பல் செலவுக்கு என்று வரவு வைத்திருந்தால், அது திரும்பத் தரும் வகையா, தராத வகையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தராத வகை என்றால் கடைசி இரவுக்குள் செலவழித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் போய்விடும். டிப்ஸை முன்கூட்டிக் கட்டாதவர்களுக்கு அந்த வரவு பெரும்பாலும் டிப்ஸிலேயே கழிந்துவிடும்.

இறங்கியதும் மிஞ்சிய ரிங்கிட்டையும் பாட்டையும் சிங்கப்பூரிலேயே மாற்றிவிடுங்கள். சென்னையில் அவற்றுக்கு விலை இல்லை. நாணயக் காசுகளை எங்கும் வாங்கமாட்டார்கள், சாங்கியில் டீயாக மாற்றிவிடலாம். மிச்ச வெளிநாட்டு நோட்டை 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை வீட்டில் வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் இருந்தால் திரும்பிய 180 நாளுக்குள் விற்க வேண்டும். ஃபாரெக்ஸ் கார்டின் மீதியை அடுத்த பயணத்துக்கு விட்டு வைத்தால் சில வங்கிகள் பயன்படுத்தாத காலத்துக்குக் கட்டணம் வெட்டும், விதியைப் பாருங்கள். கிரெடிட் கார்டுக் கணக்கை மூன்று வாரம் கவனியுங்கள்: கப்பலிலிருந்து ஒரே ஒரு இறுதிப் பற்றுதான் நிற்க வேண்டும். பிடிப்பு அதன்பின்னும் நின்றால், கடைசி இரவு ஆப்பிலிருந்து இறக்கி வைத்த கணக்குத் தாளோடு வங்கியை அழையுங்கள். தாள் கையில் இருந்தால் விடுவிப்பது ஒரு தொலைபேசி அழைப்பில் முடிகிற வேலை.